வேணாம் மாமா

எங்கள் தோட்டத்தில் யாராவது டவுனுக்குப் போய் ஒரு சாமான் வாங்கப்போகிறார் என்றால், பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் மாமாவுக்குத்தான். கூப்பிட வேண்டியதில்லை. முதல்நாள் இரவே லயத்துக்கு லயம் சேதி போய்விடும். காலையில் பழைய கோட்டும் மஃப்ளருமாக, சட்டைக் காலரில் பின்பக்கம் குடையைக் கொளுவிக்கொண்டு ரோட்டில் நிற்பார்.

முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று, கூடைக்குள் கையை விட்டு முற்றல் இலையைப் பொறுக்கி, "இது வேணாம், இதுவும் வேணாம்" என்று வீசிய கை அது. பென்ஷனுக்குப் பிறகு கூடைதான் இல்லை, கை அப்படியே இருக்கிறது. இதுவரை யாருக்கும் எதையும் வாங்கச் சொன்னதில்லை. அவர் வேணாம் என்ற சாமான்களை எல்லாம் சேர்த்தால் நுவரெலியாவில் இரண்டு கடை போடலாம்.

என் தங்கச்சி மகன் கிரகரி வாவியில் மோட்டார் படகு ஓட்டுகிறான். 1873இல் சதுப்பாகக் கிடந்த இடத்தை ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி வாவியாக்கினார். துரைமார் படகு விட்ட தண்ணீரில் இப்போது கொழும்புக் குடும்பங்கள் அன்னப் படகு மிதிக்கின்றன. போன ஆடிக் காற்றில் இவன் படகின் கூரைப் படங்கு நடுவால் கிழிந்தது. தைத்தான், ஒட்டினான், கடைசியில் ஒரு ரெக்சின் துண்டை வைத்து மறைத்தான். ஏப்ரல் சீசன் வந்துவிட்டால் மறைக்க நேரமிருக்காது. புதிசு போடுவோம் என்று கிளம்பினான். துணைக்கு நான். துணைக்குத் துணையாக மாமா.

த்ரீவீலுக்கு ஹூட்டும் சீட்டும் தைக்கிற குஷன் கடை. பாஸ் ஒரு கம்பி வளையத்தில் கோத்த மாதிரித் துண்டுகளை மேசையில் போட்டார். உள்ளங்கை அகலத்தில் முப்பது, நாற்பது இருக்கும்.

மருமகன் பச்சையைத் தொட்டான்.

"வேணாம்," என்றார் மாமா. "யானைக் கட்சிக்காரன்னு நெனச்சு மத்தவன் ஏறமாட்டான்."

நீலத்துக்குப் போனான்.

"அது கை கட்சி. அதோட, மண்சரிவு வந்தா குடுக்கிறாங்களே கூடாரம், அந்த நீலம். சந்தோஷமா சுத்திப் பார்க்க வந்தவனை நிவாரண முகாமுல ஏத்துற மாதிரி இருக்கும்."

"சிவப்பு?"

"வருஷம் பூரா மே தினமா?"

வெள்ளையை மருமகன் தொடவில்லை, பார்க்கத்தான் செய்தான். "ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தா என்னா அர்த்தம்? எந்த வீட்டுல சாவுன்னு கேட்போம். தண்ணியிலயும் கேட்பாங்க." மஞ்சளுக்குப் பூச்சி வரும். கறுப்பு எதிர்ப்புக் கொடி. சாம்பல் நிறத்தைக் காட்டியபோது மாமா கோபப்படவே இல்லை, பரிதாபமாகப் பார்த்தார். "அது ஒரு கலரா தம்பி?"

இப்படிப்பட்டவரைச் சும்மா சிரித்துத் தள்ளிவிடலாம். சங்கடம் என்னவென்றால், பத்தில் மூன்று தடவை மனுஷர் சொல்வது சரியாக இருந்துவிடும். பச்சையை மறுபடி எடுத்து, மருமகனை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, துண்டை அவன் நெற்றிக்கு மேல் கூரை மாதிரிப் பிடித்தார். "இப்ப முகத்தைப் பாருங்க." பார்த்தோம். இரண்டு நாள் வாந்தி எடுத்தவன் மாதிரி நின்றான். "கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள் வந்த பொண்ணை இதுக்குக் கீழ உக்கார வச்சு மாப்பிள்ளை போட்டோ எடுத்தா, ஊருக்குப் போனதும் மொதல்ல டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போவான்."

பாஸ் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவரும் தம் பங்குக்குச் சொன்னார்: மேலே பிளாஸ்டிக் பூசிய துணி மலிவு, தண்ணீர் இறங்காது, ஆனால் நாளாக வெடிக்கும். இழையிலேயே சாயம் ஏறிய அக்ரிலிக் லேசில் வெளுக்காது, விலை கூட. சிவப்புதான் முதலில் வெளுத்து ரோசாவாகும். குளிர்தானே என்று நினைக்கிறோம், 1,868 மீற்றர் உயரத்தில் வெயில் கீழ்நாட்டை விடக் கடுமையாகக் கடிக்கும். அதற்கு மேல் பனிமூட்டம், மழை. வெளிர் நிறத்தில் பூஞ்சணம் ஊருக்கே தெரியும். கடும் நிறத்தில் தெரியாது, ஆனால் இருக்கும்.

"பார்த்தீங்களா," என்றார் மாமா, எல்லாம் தாம் சொன்னதுபோல.

மணி பன்னிரண்டானது. கடைக்கு வந்த த்ரீவீல்காரர்கள் இருவரும் பக்கத்துக் கடைப் பையனும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஆட்களிடம் நிறம் என்று கேட்டால் இப்படித்தான் கூட்டம் சேரும். அதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எங்களை யாரும் நிறம் கேட்டதில்லை. லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அதுவும் தோட்டம் நினைத்த வருஷத்தில். வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தபோதும் அதுதான். 1972, 75 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனபோதும் அதுதான். 1992இல் மறுபடி கம்பெனிகளிடம் போனது. நிர்வாகம் மாறியதை போர்டில்தான் பார்த்தோம், சுவரில் பார்க்கவில்லை. மாமி கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டிய படங்கின் நிறம்கூட ஸ்டோரில் என்ன இருந்ததோ அதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் நாற்பது நிறத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு "எது?" என்று கேட்டால், அது அவனுடைய படகு விஷயம் மட்டுமா?

மாமா இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. அவருக்குப் பசி வந்தது. "பிளேன்டீ குடிச்சிட்டு வாறேன், ஒண்ணும் முடிவு பண்ணிராதீங்க," என்று வெளியே போனார்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டைத் தள்ளி வைத்தார்: காய்ந்த மண் நிறம், பால்தேத்தண்ணி கொஞ்சம் ஆறினால் வருகிற நிறம். அதைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தோம். மருமகன் முகம் மருமகன் முகமாகவே இருந்தது. "வெட்டுங்க," என்றான்.

மாமா வடைப் பொட்டலத்தோடு திரும்பியபோது துணி மேசையில் நீளமாக விரிந்து, சோக்குக் கோடு போட்டு, பாதி வெட்டியாயிற்று. கடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மாமா விளிம்பைத் தடவினார். புரட்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நூல் என்னா கலர்?"

"வெள்ளை," என்றார் பாஸ், யோசிக்காமல்.

"வேணாம்."

நூலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் போனது. பருத்தி நூல் என்றால் துணிக்கு முன்னால் அது இற்றுப்போகும், பொலியெஸ்டர் போடுங்கள் என்று மாமா சொன்னது சரிதான் என்று பாஸே ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது ஓரமாகப் போய், "பழைய மாதிரிக் கட்டு ஏதும் வீசுறதுக்கு இருக்குங்களா?" என்று மாமா அவரிடம் கேட்டதைக் கண்டேன். கோட்டுப் பை புடைத்திருந்தது. வடை என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்து மழை தொடங்கியபோது ஒருநாள் மாமா வீட்டுப் பக்கம் போனேன். இஸ்தோப்பில் சாரல் அடிக்காமலிருக்க ஒரு திரை தொங்கியது. உள்ளங்கை அகலச் சதுரங்கள், பச்சைக்குப் பக்கத்தில் நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. அவர் கண்ட குற்றம் எல்லாம் வரிசையாக, பொலியெஸ்டர் நூலில், மாமி கையால் தைத்தது. கீழ்மூலையில் மட்டும் ஒரு சதுரம் காலி. அதன் வழியாக மழை நேரே அடுப்படிக்குள் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா அப்பிடியேதான் கெடக்கு," என்றார் மாமி உள்ளேயிருந்து. "எதைக் காட்டினாலும் வேணாங்கிறாரு."

மாமா கதிரையை எனக்குத் தள்ளிவிட்டு, மிச்சத் துண்டுகளை மடியில் போட்டார். "நீங்க ஒரு கலர் சொல்லுங்க தம்பி," என்றார்.