வீட்டு வாசலில் ஷாக் மாற்றுதல்

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. தாங்குவது பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி ஆட்டத்தை வெப்பமாக மாற்றிவிடுகிறது. 2005-இல் டாடா நிறுவனம் கொண்டுவந்து, தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய ஏஸ் வண்டியில் சக்கரத்துக்கு ஒன்றாக இது இருக்கிறது. ஏறக்குறைய முக்கால் டன் பாரம் ஏற்றலாம் என்பது தயாரித்தவர்கள் கணக்கு. ஏற்றுபவர்கள் காதில் ‘முக்கால்’ மட்டும் விழுவதில்லை.

ஷாக் போனது உரிமையாளருக்குத் தாமதமாகவே தெரியவரும். சிமெண்டு மூட்டை புகார் சொல்லாது. தக்காளி சொல்லும்: ஏற்றிய இடத்தில் தக்காளி, இறக்கிய இடத்தில் தொக்கு. காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை இங்கே அவ்வளவாகப் பயன்படாது. காலி வண்டியில் பட்டைகள் விறைத்து நிற்பதால் ஆடுவது அமுக்குபவர்தான். குழாயில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருப்பதும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பதும் நம்பத் தகுந்த அடையாளங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ஒரே ஆக்சிலின் இரண்டு ஷாக்கையும் மாற்றுவதே முறை. இல்லாவிட்டால் புதியது ஒருவிதமாகவும் பழையது ஒருவிதமாகவும் வண்டியை இழுக்கும்.

பின் ஷாக்குகளை வீட்டிலேயே மாற்ற, வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு தேவை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும். இந்தப் பத்தியில் நகைச்சுவைக்கு இடமில்லை.

வேலை என்பது உண்மையில் ஷாக்கை மாற்றுவதல்ல, பழைய நட்டைக் கழற்றுவது. பல மழைக்காலம் பார்த்த நட்டு, போல்ட்டோடு ஒட்டி உறவாகியிருக்கும். முந்தைய நாள் இரவே துரு எண்ணெய் விட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்ப்பது நல்லது. கூடவே போல்ட்டும் சுற்றினால் மறுமுனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் மனிதனுக்கு மூன்றாவது கை இல்லாத குறை தெரியும். மல்லாந்து படுத்து, நட்டின் பின்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் திசை மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்து முழுப் பலத்தோடு இறுக்குவது இப்படித்தான் நேர்கிறது. நெருப்புக் காட்டிக் கழற்றலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது: எண்ணெயும், சில வகைகளில் அழுத்தமான வாயுவும் அடைத்த குழாய் அது.

யோசனைகளுக்குக் குறைவிருக்காது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெருவுக்கு விடுக்கும் அழைப்பு. முதலில் வருபவர், “என்ன, ஷாக்கா?” என்பார். அடுத்தவர், “பட்டறையில விட்டிருக்கலாமே” என்பார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை வாங்கி, நட்டின் முனைகளை மழுக்கிவிட்டுப் போவார். அதன் பிறகு கிரைண்டர் வைத்து நட்டை அறுப்பதே வழி. குழாயில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

பூட்டுவது எளிது. புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை அமுக்கி இழுத்தால் உள்ளே புகுந்த காற்று விலகும். மேல்முனையைச் சேஸிஸிலும் கீழ்முனையை ஆக்சிலிலும் மாட்டி, நட்டுகளைக் கையால் திருகினால் இப்போதைக்குப் போதும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு. அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் பக்கத்துக்கு அரைநாள் போனால் இரண்டாவதற்கு அரைமணி ஆகும், துரு ஒத்துழைத்தால்.

மிச்சமான கூலியில் உடைந்த ஸ்பேனரையும் தெருவுக்கு வாங்கிக் கொடுத்த டீயையும் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சினால், முன் ஷாக் இரண்டையும் பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.