கடலைமா வாசம்

அப்பு பட்டணத்துக்குப் போகிறார் என்பது விடியக்காலையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் அவர் பெட்டியிலிருந்து கரைபோட்ட வேட்டியை எடுத்து உதறுவார், அந்த உதறலோடு கற்பூர வாசம் விறாந்தை வரைக்கும் வரும், நானும் ஓடிப்போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு யாரும் கூப்பிடாமலே படலையடியில் போய் நிற்பேன். அப்பு மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். அந்த நாளில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அப்படி நாலைந்து பேராவது இருப்பார்கள்; கல்வீடு, மாதம் பிறந்தால் கடல் கடந்து வருகிற காசு, சாய்மனைக் கதிரையில் விரித்த ஆங்கிலப் பேப்பர், இவற்றை வைத்தே மலாயன் பென்சனியர் வீடு எதுவென்று றோட்டில் நின்றே சொல்லிவிடலாம். பட்டணத்துச் சந்தைக்குப் பக்கத்தில் மலாயன் கபே என்று ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை இருப்பது அப்புவுக்காகத்தான் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடை இன்றைக்கும் இருக்கிறது. மாபிள் பலகை போட்ட மேசைகள், மரச்சட்டமிட்ட நீளமான கண்ணாடி அலமாரிகள், சுவரில் சாமியாரின் படம், சாப்பிட்டு முடித்த வாழையிலையை மடித்துத் தள்ளிவிட ஒரு துவாரம். அந்தத் துவாரத்துக்குள் இலையைப் போடுகிற வேலையை அப்பு எனக்கு விட்டுத் தருவார், அதற்காகவே நான் சோற்றைக் கெதியாகச் சாப்பிட்டு முடிப்பேன். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மத்தியானம் என்றால் சோறு, பின்னேரம் என்றால் தோசையும் வடையும். ஒரு தட்டு நிறைய வடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள், எத்தனை எடுத்தோம் என்று நாங்கள் சொல்லுகிற கணக்குத்தான் கணக்கு. அப்புவுக்கு எதிரே புகையிலைச் சிப்பத்தை விற்றுவிட்டு வந்த தீவுப்பகுதிக்காரர் இருப்பார், கச்சேரிக்கு ஒரு கையெழுத்துக்காக வந்து நாளெல்லாம் காத்திருந்த வாத்தியார் இருப்பார், சில நாள் முதுகில் பை சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன் சாம்பாரில் விரலைச் சுட்டுக்கொண்டு இருப்பான். எல்லோருக்கும் ஒரே வாளியிலிருந்துதான் வரும். "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டே?" என்று என்னைக் கேட்ட அதே குரலில் அவனையும் கேட்பார்கள், அவனுக்கு விளங்காது, ஆனாலும் தலையை ஆட்டுவான், சோறு விழும்.

பதினாறு வயதில் எனக்கு அந்தக் கடை போதாமல் போயிற்று. கூட்டாளிகள் கூல்பாரில் உயரமான கண்ணாடிக் கோப்பையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள், வின்சர் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு அங்கே போய் ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்பதுதான் பெரிய மனிதத்தனம் என்று நானும் எண்ணினேன். ஒருநாள் அப்பு வழக்கம்போல என்னை மலாயன் கபேக்குக் கூட்டிக்கொண்டு போக, வாசலில் வைத்து எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தனியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கடலை வடையைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் சேட் பையில் வைத்தார். அந்த எண்ணெய்க்கறை கன நாளாக அந்தச் சேட்டில் இருந்தது. இன்றைக்கும் கடலைமா பொரிகிற வாசம் எங்கே வந்தாலும் எனக்கு முதலில் அந்தச் சேட்தான் ஞாபகம் வரும்.

அந்த வாசம் அடுத்ததாக என்னைப் பிடித்தது 1990ஆம் ஆண்டு தை மாதத்தில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், பல்லரோ சந்தைக்குள்.

எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேரத் தொடங்கியிருந்தார்கள். அப்புவின் தலைமுறைக்கு மலாயா எப்படியோ அப்படி எங்களில் ஒரு பகுதியினருக்குப் பலெர்மோ. என்ன, அவர்கள் பேனையோடு போனார்கள், நாங்கள் துடைப்பத்தோடும் சட்டி தேய்க்கிற நாரோடும். சந்தையை ஒட்டிய ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் எனக்கு அந்த நார் கிடைத்தது. அவர்கள் பாசையில் அந்த மாதிரிக் கடையைத் திராத்தோரியா என்பார்கள். எட்டு மேசை, கடதாசி விரிப்பு, சுவரில் மடுமாதா கோயில் படங்களை நினைவூட்டுகிற ஒரு மாதா படம். சமையல் செய்த கிழவியைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டோம். சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒன்றுமில்லை. விடிய அவர் சந்தையில் என்ன வாங்கினாரோ அதுதான் அன்றைய சமையல், மேசைக்குப் பக்கத்தில் வந்து வாயாலே சொல்லுவார், சொல்லி முடிப்பதற்குள் கோப்பை வந்துவிடும். மூட்டை தூக்குகிறவரும், வக்கீலும், படம் எடுக்கிற பெட்டியைத் தோளில் மாட்டிய ஜெர்மன்காரரும் முழங்கை முட்ட ஒரே மேசையில் இருந்தார்கள். எனக்கு அந்தப் பாசையில் அன்று ஒரு சொல்லும் தெரியாது. பாணைக் காட்டி அவர் "பானே" என்றபோதுதான் முதல் சொல் விளங்கிற்று. போர்த்துக்கேயர் எங்கள் ஊரை ஆண்டு விட்டுப்போன சொல் அத்தனை காலம் கழித்து என்னை ஒரு குசினிக்குள் இழுத்து இருத்திய மாதிரி இருந்தது.

அந்தக் கடையின் வாசலில்தான் பனெல்லே பொரித்தார்கள். கடலைமாவைத் தண்ணீரில் உப்போடு கரைத்துக் களி மாதிரிக் கிண்டி, கொத்தமல்லித் தழை போன்ற ஒரு இலையை அரிந்து போட்டு, மெல்லிசாகப் பரப்பி, ஆறினதும் துண்டாக வெட்டி எண்ணெயில் போடுவார்கள். எள்ளுத் தூவிய பணிசுக்குள் நாலைந்து துண்டை வைத்து, தேசிக்காய்ப்புளி பிழிந்து கையில் தருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மேசன்மாருக்கும் அதுதான் மத்தியானச் சாப்பாடு. முதல்நாள் நான் சட்டி கழுவுகிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சிஞ்ஞோரா கண்டார், ஈரக்கையிலேயே ஒன்றைத் திணித்து "மாஞ்சா, மாஞ்சா" என்றார். சாப்பிடு மோனை என்று என் காதில் விழுந்தது.

போகப் போக அந்தச் சமையலுக்குள் எனக்கு ஊர் தெரியத் தொடங்கிற்று. சாளை மீனோடு காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் முந்திரிகை வற்றலும் சேர்த்து ஒரு பாஸ்தா வைப்பார்கள். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் அதற்கு மேலே வறுத்த பாண்தூளைத் தூவுவார்கள், சிஞ்ஞோரா வசதி வந்த பிறகும் தூளைத்தான் தூவினார். எங்கள் கறித்தூளில் இருக்கிற அதே பெருஞ்சீரகம். பாஸ்தா பற்றிச் சொன்னால், 1154இல் அரசன் இரண்டாம் ரொஜருக்காக எழுதி முடித்த நூலில் அல் இத்ரிசி என்ற அறபுப் புவியியலாளர், பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்ற ஊரில் மாவை இழையாக்கிக் காயவைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். மேசையில் இருந்த வக்கீல் இதை எனக்கு விளங்கப்படுத்திய நாளில், அம்மா இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்துகிறபோது அவவின் கழுத்து நரம்பு எழும்பி நிற்பதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரிலிருந்து கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தி வந்தன. 1990இல் போரால் ரயில் நின்றுபோய்விட்டது, பாதை மூடிவிட்டது, பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரிக்கிறோம், சீனி கண்டு கனகாலம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறோம், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்கிறோம் என்று தங்கச்சி எழுதுவாள். பயப்படாதே அண்ணை என்று ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் அடியடியாக. எங்கள் வீட்டார் எங்கே என்று எனக்குத் தெரியாமல் போன கிட்டத்தட்டப் பதினொரு கிழமை அது.

அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி பலெர்மோவில் சாந்தா லூசியாவின் திருநாள். அந்த ஊரார் அன்றைக்குப் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646இல் பஞ்சம் வந்து சனங்கள் வாடிக் கிடந்தபோது, அவளுடைய நாளில் கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்ததாம். மா அரைக்கப் பொறுமையில்லாமல் தானியத்தை அப்படியே அவித்துத் தின்றார்களாம். அந்த நினைவுக்காக இன்றைக்கும் முழுக்கோதுமையை அவித்து, ரிக்கோத்தாவும் சீனியும் கலந்து குச்சியா என்று ஒன்று செய்கிறார்கள். சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த அரஞ்சினாவும் அன்று மலைமலையாகக் குவியும். சிஞ்ஞோரா ஒரு கிண்ணம் குச்சியாவை என் முன்னால் வைத்துக் கதையைச் சொன்னார். கப்பல் என்ற சொல்லில் நான் உடைந்து போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார், நான் சாப்பிட்டு முடியும்வரை அசையவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் சிலரோடு பெல்லெகிரினோ மலையில் ஏறினேன். சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே இருக்கிறது, பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்துப் பிடித்திருப்பார்கள். வேதக்காரரும் சைவக்காரரும் என்ற பேதமில்லாமல் தமிழர் அந்த மலைக்குப் போவார்கள். வீட்டார் சாவகச்சேரியில் இருக்கிறார்கள் என்ற செய்தி தைப்பொங்கலுக்கு முதல்நாள் வந்தது. அப்பு அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டார்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்க, அடுத்த வருடமே அதில் ஏறி வந்தேன். தங்கச்சியின் பிள்ளைகள் மாமாவை நல்ல இடத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி, புதுச் சட்டை போட்டு, வாசம் பூசி, ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் கூட்டிப்போனார்கள். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, படம் போட்ட அட்டை. மேசைக்குப் பீட்சா வந்தது. பலெர்மோவில் தக்காளியும் வெங்காயமும் போட்ட தடித்த பீட்சாவை ஸ்பின்சோனே என்பார்கள், மூன்று சில்லு வண்டியில் வைத்து ஒலிபெருக்கியில் கூவிக்கூவி ஒழுங்கை ஒழுங்கையாக விற்பார்கள், வேலைக்குப் போகிறவர்கள் சில்லறைக்கு வாங்கி நடந்தபடி தின்பார்கள். அதன் சொந்தக்காரச் சாப்பாடு எங்கள் ஊரில் பிறந்தநாள் சாப்பாடாகி, அதற்காகப் பிள்ளைகள் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய சந்தோசத்தைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. பதினாறு வயதில் கூல்பாருக்குப் போன என் முகம் அந்த மூன்று முகத்திலும் இருந்தது. மறுநாள் காலை பாண் விற்கிற ஆட்டோ பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வர, நான் பலெர்மோவில்தான் எழும்பியிருக்கிறேன் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அங்கேயும் எல்லாம் இடம் மாறிவிட்டது. 2015இல் யுனெஸ்கோ பலெர்மோவின் அறபு நோர்மன் கட்டடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, மலிவு விமானங்கள் வந்திறங்கின, பல்லரோவில் மரக்கறிக்காரர் இருந்த இடங்களில் கதிரை மேசைகள் முளைத்தன. சிஞ்ஞோரா கண்ணை மூடிய பிறகு மகன் கடையை எடுத்தார். நல்ல மனுசன், நாலு பாசையில் பட்டியல் அச்சடித்தார், பனெல்லேயைச் சின்னத் துண்டாக்கிப் பீங்கானில் அடுக்கி வைத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். இங்கே எங்கள் ஊர் விடுதிகளில் புட்டும் ஒடியல் கூழும் மண்சட்டியில் பாரம்பரிய உணவாக வருகின்றன, அதை உண்ணப் பலெர்மோவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். ஏழையின் சாப்பாடு கடல் தாண்டினால் பணக்காரச் சாப்பாடாகிவிடுகிறது, இரண்டு திசையிலும். இதில் எனக்குக் கோபமில்லை. அந்த ஒரே வாளியை, முழங்கை முட்டுகிற அந்த மேசையைத்தான் தேடுகிறேன், அது இருக்கிற கடையைக் கண்டால் வழிப்போக்கிலும் உள்ளே போய்விடுகிறேன்.

போன வருடம் பேத்தியோடு வந்தேன். அவள் பலெர்மோவில் பிறந்தவள், எட்டு வயது, தமிழைச் சிசிலிக்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவாள். சந்தை வெயிலில் அலைந்து களைத்து மலாயன் கபேக்குள் போனோம். மாபிள் மேசையில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்தாள். பட்டியல் எங்கே தாத்தா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு, வரும் என்றேன். எங்களுக்கு எதிரே சேட் பையில் பேனை குத்திய ஒரு பெரியவர், பக்கத்து மேசையில் வரைபடத்தை விரித்த இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். தட்டு வந்தது, நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் ஒரு கடலை வடையை எடுத்து முகர்ந்தாள், திரும்ப முகர்ந்தாள், பிறகு என்னைப் பார்த்து, "இதுக்குத் தேசிக்காய் தரமாட்டினமோ?" என்றாள்.

கதவோரம் நின்ற பரிமாறுகிறவருக்கு அது கேட்டுவிட்டது. வடைக்குத் தேசிக்காய் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒன்றைப் பாதியாக வெட்டி, ஒரு சின்னக் கோப்பையில் வைத்துக் கொண்டுவந்து, "இந்தா மோனை" என்று அவளுக்கு முன்னால் வைத்தார்.