பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?

1997-இல் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஆலோசகர்களுக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடையில் இருந்தார்கள், ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தார்கள், கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இருந்தார்கள். "முடிச்சிட்டு என்னப்பா பண்ணப் போற?" என்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பதில் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பெயராக இருக்கும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது எழுபதுகளில். 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது, அதே ஆண்டு டி.வி.எஸ். மொபெட் ரோட்டுக்கு வந்தது, பிறகு டைட்டன். சூளகிரிப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில் மாப்பிள்ளையின் சொந்தப் பெயர் கடைசியில்தான் வரும். 'லேலண்ட் மாப்பிள்ளை', 'டைட்டன் மாப்பிள்ளை' என்றால் போதும். கூடவே குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஏதோ சாமி பெயரைச் சொல்வதுபோல் ஒரு சொல் வரும்: பர்மனென்ட்.

சிக்கல் என்னவென்றால், மிஷினில் நிற்க அந்தக் கம்பெனிகளுக்கு வேண்டியது ஐ.டி.ஐ. பையன்கள். பத்தாவது முடித்து ஃபிட்டர் படித்த என் மாமா மகன், நான் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் திருகிக்கொண்டிருந்த காலத்திலேயே யூனிஃபார்ம் போட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிட்டான். டிகிரிக்காரன் மிஷினில் நிற்கமாட்டான், நின்றாலும் யூனியன் பேசுவான் என்பது அன்றைய நம்பிக்கை. எனவே விண்ணப்பத்தில் பிளஸ் டூ என்று மட்டும் எழுதி, கல்லூரிக்குப் போன வருடங்களை 'வீட்டில் விவசாயம்' என்று கணக்குக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். மறைப்பதற்கென்றே ஒரு பட்டம் வாங்கியவர்கள்!

மற்றவர்கள் தருமபுரிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை; 2004-இல்தான் பிரிந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறந்தால் சீனியாரிட்டி போச்சு. எங்கள் ஊரில் மாங்கன்று நட்டால்கூட ஐந்தாறு வருடத்தில் காய்த்துவிடும். அந்த அட்டை காய்த்து நான் பார்க்கவில்லை.

ஒரு நண்பன் மட்டும் விடாமல் படித்துத் தேர்வாணையத் தேர்வில் தேறினான். வணிகவரித் துறை, கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி சோதனைச்சாவடி. ஊரே அவனைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடிகளை மூடிவிட்டார்கள். நண்பனை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள், சம்பளம் ஒரு பைசா குறையவில்லை. அவன் பர்மனென்ட், சாவடிதான் காண்ட்ராக்ட்.

எனக்கு ஆசை எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். எலக்ட்ரானிக் சிட்டியில் இன்ஃபோசிஸ் இருந்தது, ஓசூரில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர், சி++ கற்றேன். ஆனால் என் தொழிலை முடிவு செய்தது ஒரு டவுன் பஸ். காலை ஷிஃப்டுக்கு முன் எங்கள் ஊரில் நின்ற பஸ், ஒரு வெண்டர் யூனிட் வாசல் வழியாகப் போனது. வெர்னியர் காலிப்பரில் சரியாக ரீடிங் எடுக்கத் தெரியும் என்று குவாலிட்டி பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாண்டு இயற்பியலில் சோறு போட்ட பாடம் அது ஒன்றுதான்.

இப்போது அக்கா மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அவளுக்குத் திறன் பயிற்சி உண்டு, 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் தருமபுரிக்கு அலைந்திருக்க மாட்டோம். போனில் ஏதோ ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதினாள். அவள் 'படைப்பாற்றல் மிக்க தொழில்முனைவர்' என்று வந்தது. அக்கா நிதானமாகக் கேட்டாள்: "அதுக்கு ஷிஃப்ட் எத்தனை மணிக்குடீ?"

அக்காவின் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. எங்கள் வகுப்புப் பெண்களிடம் யாரும் என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டதில்லை. பத்திரிகை எப்போது என்றுதான் கேட்டார்கள். இன்றைக்குக் கம்பெனிகளே பெண்களைத் தேடுகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் வந்த ஓலா, ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை என்று 2021-இல் அறிவித்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். தரகர் இப்போது, "பொண்ணு எந்தக் கம்பெனி?" என்கிறார்.

யூனிஃபார்ம் போட்டுப் போன மாமா மகன் இன்னும் பர்மனென்ட்தான். சொந்த வீடு, கார், கம்பெனி கேன்டீனில் மலிவு விலைச் சாப்பாடு. அவன் மகன் பி.இ. மெக்கானிக்கல், கேம்பஸ் இன்டர்வியூ, ஆங்கிலத்தில் சரளமான பேச்சு. அதே சிப்காட்டில் ஒரு மேன்பவர் ஏஜென்சி வழியாக வேலை பார்க்கிறான், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தகப்பன் ஐ.டி.ஐ., பர்மனென்ட், பிள்ளை இன்ஜினீயர், காண்ட்ராக்ட். இந்த முன்னேற்றத்தை எந்த ஆப்டிட்யூட் டெஸ்டும் சொல்லித் தராது.

ஆகவே இந்த வட்டாரத்தில் கடைசி வருடம் படிக்கும் தம்பி தங்கைகளே, கனவெல்லாம் தாராளமாகக் காணுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஆஃபர் லெட்டரின் தலைப்பில் கம்பெனி பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு பி.எஃப். பாஸ்புக்கில் யார் பெயர் விழுகிறது என்றும் பாருங்கள்.