பிரபு கேட்டார், யாரோ செய்தார்

சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் சமையல் வரலாற்றில் பட்டா வாங்கியவர் ஒருவர் உண்டு. நான்காம் சாண்ட்விச் பிரபு, ஜான் மாண்டேகு (1718-1792). பிரிட்டிஷ் கடற்படைக்கு மந்திரியாக இருந்தவர். சாண்ட்விச் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஊர். 1660இல் இவருடைய முன்னோர் எட்வர்டுக்குப் பட்டம் கொடுத்தபோது முதலில் பேச்சில் அடிபட்ட ஊர் போர்ட்ஸ்மவுத். அது மட்டும் முடிவாகியிருந்தால் இன்று பேக்கரியில் நின்று, “அண்ணே, ரெண்டு போர்ட்ஸ்மவுத், ஒண்ணுல சீஸ்” என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

பிரபுவைச் சந்தியில் நிறுத்தியவர் குரோஸ்லி என்ற பிரெஞ்சுக்காரர். 1765இல் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிப் புத்தகம் போட்டார். ஒரு மந்திரி 24 மணி நேரம் சூதாட்ட மேசையை விட்டு எழவே இல்லையாம். வாட்டிய ரொட்டிகளுக்கு நடுவே இறைச்சி வைத்துக் கொண்டுவரச் சொல்லி, தின்றுகொண்டே ஆடினாராம். மந்திரியின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. ஊருக்குத் தெரியாதா என்ன! பிரபுவின் வரலாற்றை எழுதிய என்.ஏ.எம். ராட்ஜர் வேறு மாதிரி சொல்கிறார்: மனுஷன் ஆபீஸ் மேசையில் ஃபைல் பார்த்தபடி தின்றிருக்கவே வாய்ப்பு அதிகம். இது எடுபடவில்லை. நாம் தினமும் பார்க்கிற வேலைக்கு யார் கதை கேட்பார்கள்?

ரொட்டிக்கு நடுவில் எதையாவது வைத்துத் தின்பது ஒன்றும் புதிதல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஹில்லல் என்ற யூத குரு, புளிக்காத ரொட்டியில் ஆட்டுக்கறியையும் கசப்புக் கீரையையும் வைத்து பாஸ்கா பண்டிகையில் சாப்பிட்டார். ஆனால் அவர் பிரபு இல்லையே!

குரோஸ்லி சொன்னதில் கவனிக்க வேண்டியது அந்த ‘வாட்டிய’. அன்றைய டோஸ்ட்டர் ஒரு நீளக் கைப்பிடி முள்கரண்டி. ரொட்டியைக் குத்தி நெருப்பில் காட்ட வேண்டும். முகம் வேகும், விரல் சுடும். அந்த அகால வேளையில் அதைச் செய்த வேலைக்காரர் யார்? பெயரில்லை. பிரபுவுக்கோ, 1778இல் கேப்டன் குக் ஹவாய்த் தீவுகளையே ‘சாண்ட்விச் தீவுகள்’ ஆக்கிவிட்டார்.

வாட்டும் வேலை இப்படியென்றால், வெட்டும் வேலையைப் பிறகு இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1928இல் அமெரிக்காவின் மிசௌரியில் ரோவெடர் என்பவரின் இயந்திரம் வெட்டிய ரொட்டி விற்பனைக்கு வந்தது. 1943 ஜனவரியில், போர்க்காலச் சிக்கனம் என்று அரசு அதைத் தடை செய்தது. மார்ச்சிலேயே தடை போய்விட்டது. போர் இன்னும் இரண்டு வருஷம் நடந்தது.

கதை போதும், சாண்ட்விச் செய்வோம். நாம் மும்பை வழியில் போவோம். தோசைக்கல் போதும். ரொட்டியின் உள்பக்கம் விளிம்பு வரை வெண்ணெய். கஞ்சத்தனம் பார்த்தால் சட்னி ஊறி ரொட்டி நசநசத்துவிடும். மேலே கெட்டியான கொத்தமல்லி-புதினா சட்னி, வில்லை வில்லையாக வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், விதை வழித்த தக்காளி. உப்பையும் சாட் மசாலாவையும் கடைசியில் தூவுங்கள். முன்பே போட்டால் தக்காளி தண்ணீர் விடும். மூடி, வெளிப்பக்கமும் வெண்ணெய் தடவி, சிறு தீயில் கல்லில் வையுங்கள். மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் இஞ்சி இடிக்கிற சின்ன உரல். பொன்னிறமானதும் ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.

குறுக்கே வெட்டி, செய்தவரே முதல் முக்கோணத்தை அடுப்படியில் நின்று தின்றுவிட வேண்டும். சோபாவிலிருந்து “ஆச்சா?” என்று குரல் கொடுப்பவருக்கு இரண்டாவது.