மீசை வச்சா அண்ணன், எடுத்தா தம்பி

வாப்பு பேராண்டி. ஆள்மாறாட்டக் காமெடிப் படம் ஒன்னைப் பார்த்துட்டு, "மொக்கை, லாஜிக்கே இல்ல, யாரும் போகாதீங்க"ன்னு ஊருக்கே தண்டோரா போட்டியாமே? நல்ல காரியம். சின்னப் படம். பெரிய ஹீரோ கிடையாது, சண்டைக்கு வர ரசிகர் மன்றமும் கிடையாது. வீரத்தைக் காட்ட இதைவிடத் தோதான இடம் எங்க கிடைக்கும்? பெரிய நடிகர் ஒத்தை ஆளா நூறு பேரைப் பறக்கவிடுறப்ப லாஜிக்கைச் செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுட்டுப் போறவங்கதானே நாம.

ஆனாலும் இறங்கின தொழிலைச் சுத்தமாச் செய்யணும். தாத்தன் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல, சிரிச்சதை வெளிய காட்டிராத. தியேட்டருக்குள்ள வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டிருந்தாலும், வெளிய வந்ததும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுரு. "பர்ஸ்ட் ஆப் பரவாயில்ல, செகண்ட் ஆப் இழுவை." இதை மனப்பாடம் பண்ணி வச்சுக்க. எந்தப் படத்துக்கும் பொருந்தும். படத்தைப் பார்க்காதவனுக்கும் பொருந்தும்.

அடுத்து ஒரு கேள்வி கேக்கணும்: "ஒரு மீசையை எடுத்துட்டா ஆள் அடையாளம் தெரியாமப் போயிருமா?" இதைக் கேட்டாத்தான் உன்னை அறிவாளின்னு ஒத்துக்குவாங்க. 1981-ல பாலசந்தர் எடுத்த 'தில்லு முல்லு'க்கும் இதைத்தான் கேட்டாங்க. ரிஷிகேஷ் முகர்ஜி 1979-ல இந்தியில எடுத்த 'கோல் மால்' கதைதான் அது. ரஜினி மீசை வச்சா அண்ணன் சந்திரன், மீசை இல்லாட்டி தம்பி இந்திரன். முதலாளி தேங்காய் சீனிவாசன் அதை அப்படியே நம்பிருவாரு.

எப்படி நம்பினாருன்னு கேக்குறியே, அந்த முதலாளி யாருன்னு பார்த்தியா அப்பு? மீசை இருக்கிறவன்தான் யோக்கியன், விளையாட்டுல நாட்டம் இருக்கிறவன் உருப்படமாட்டான்னு முடிவு கட்டி வச்சிருக்கிற மனுசன். பையனோட கணக்குப்புள்ளத் திறமையைவிட மூக்குக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்த்து வேலை கொடுக்கிறவருக்கு, அந்த மீசை போனா ஆளே மாறிப்போனதாத்தானே தெரியும்? நீ ஓட்டைன்னு சொன்னியே, அதுதான்யா கதையே. அந்த ஓட்டையை அடைச்சுட்டா படம் கால்மணி நேரத்துல முடிஞ்சு, நீ முறுக்கு வாங்கப் போயிருப்ப.

இன்னொரு கேள்வியும் இருக்கு. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா குழப்பமே வந்திருக்காதே?" இதுக்குத் தோதா 'ஆண் பாவம்' பாரு. 1985-ல பாண்டியராஜன் எடுத்து, தானே நடிச்ச படம். செட்டு இல்ல, வெளிநாட்டுப் பாட்டு இல்ல. ஒரு கிராமம், வி.கே. ராமசாமின்னு ஒரு அப்பன், நம்ம சீமைக் கொல்லங்குடி கருப்பாயி ஆத்தா, பெரிய பாண்டி, சின்னப் பாண்டின்னு ரெண்டு மகனுங்க. பெரிய பாண்டி பொண்ணு பார்க்கப் போறான், வீடு மாறிப் போயிர்றான். அங்க இருந்த பொண்ணைப் பார்த்து மனசைக் கொடுத்துட்டுத் திரும்பி வர்றான். பார்க்க வேண்டிய பொண்ணு இந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கு.

யாருகிட்டயாவது வழி கேட்டிருக்கலாம்தான். கேக்கலையே! நம்ம ஊர்ல பொண்ணு பார்க்கப் போறவன் பஜ்ஜி ஆறுறதுக்குள்ள ஒரு ஆயுசுக்கு முடிவு எடுத்துட்டு வர்றானே, அவனை எந்த வீட்டுல உக்கார வச்சாலும் தலையாட்டத்தான் செய்வான். அந்தக் குட்டை உடைக்கத்தான் கதாசிரியன் அவனை வேற வாசல்ல ஏத்தி விட்டான். அதோட விட்டானா? காத்திருந்த பொண்ணு ரேவதி உசிரை விடத் துணிஞ்சு பேச்சை இழந்து நிக்கிறப்ப, இத்தனை நேரம் சிரிச்ச சனம் கப்சிப். சிரிக்க வச்சே கணக்குத் தீர்க்கிற படம் அது. "ஜாலியான படம், டைம் பாஸ்"னு நீ நாலே வார்த்தையில முடிச்சிருப்ப.

அப்புறம் "காப்பி"ன்னு ஒரு கல்லை எடுத்து வீசு. சும்மா வீசு, எங்க விழுந்தாலும் ஒருத்தன் மேல படும். ரோமாபுரியில ப்ளாட்டஸ்னு ஒருத்தர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இரட்டைப் பிறவிகளை வச்சு நாடகம் எழுதிட்டாரு. அதை எடுத்து, வேலைக்காரங்களையும் இரட்டையாக்கி, குழப்பத்தை ரெண்டு மடங்காக்கினவரு ஷேக்ஸ்பியர். அதையே குல்சார் 1982-ல 'அங்கூர்'னு இந்தியில எடுத்தாரு. நம்ம பம்மல் சம்பந்த முதலியார் எசமானுக்கும் சபாபதி, வேலைக்காரனுக்கும் சபாபதின்னு ஒரே பேரை வச்சே ஊரைச் சிரிக்க வச்சவரு. அந்த 'சபாபதி' நாடகம் 1941-ல ஏவி. மெய்யப்பன் கையில படமாவும் வந்துச்சு. எசமான் டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என். ரத்னம். காப்பின்னு கேஸ் போடுறதா இருந்தா ப்ளாட்டஸ் வாரிசைத்தான் தேடிப் போகணும். பஸ் செலவுக்கு என்கிட்டக் கேக்காத.

காசு இல்லாம எடுத்திருக்கான்னு இளக்காரமாச் சொன்னியாமே, அதுவும் சரிதான். காசு இல்லாதவன் ஆள்மாறாட்டத்தை விட்டா வேற எதை எடுப்பான்? கம்ப்யூட்டர் வராத காலத்துல ரெட்டை வேசம்னா லென்சுல பாதியை மறைச்சு ஒருக்கா எடுத்து, பிலிமைப் பின்னாடி சுத்தி, மறைச்ச பாதியைத் திறந்து மறுக்கா எடுக்கணும். நடிகன் நடுக்கோட்டைத் தாண்டினா கை காணாமப் போயிரும். 'தில்லு முல்லு'ல அந்தச் செலவும் பெருசா இல்ல. கதைப்படி தம்பின்னு ஒருத்தன் பிறக்கவே இல்லையே! ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய், அதுக்கு ஒரு போலி அம்மாவா சௌகார் ஜானகி. மூலதனம் மொத்தமும் வாய்தான். அதனாலதான் இந்தமாதிரிப் படத்துல எழுதறவன் சறுக்கினா முட்டுக் கொடுக்க ஆளிருக்காது. பணம் கொட்டின படம் சறுக்கினா, பின்னாடி நாலு யானையாவது ஓடும்.

இனி நெசமாவே ஒன்னு சொல்றேன். இந்த மாதிரிப் படத்துக்குக் கருத்துச் சொல்லணும்னா, ஏமாந்தவன் ஏன் ஏமாந்தான்னு பாரு. மீசைக்காக ஏமாந்தானா, சாதிக்காக ஏமாந்தானா, கார்ல வந்து இறங்கினதுக்காக ஏமாந்தானா? அந்த ஏமாளி கிட்ட உன் சாயல் கொஞ்சம் தெரிஞ்சா அது நல்ல படம். கதை நகர வேணுங்கிறதுக்காக மட்டும் ஒருத்தன் முட்டாளா நின்னா, தாராளமாத் திட்டு. நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன்.

திட்டுறப்பவும் கொஞ்சம் எச்சி மிச்சம் வச்சுக்க. ஆமிர் கானும் சல்மான் கானும் நடிச்ச 'அந்தாஸ் அப்னா அப்னா' 1994-ல வந்தப்ப சீந்துவாரில்ல. அதுலயும் பணக்காரப் பொண்ணு யாரு, கூட வந்தவ யாருங்கிற குழப்பம்தான். பின்னாடி அதே சனம் வசனத்தை வரி வரியா ஒப்பிக்குது. அன்னைக்கு உதட்டைப் பிதுக்கினவங்க எல்லாரும் இப்ப "முதல் நாளே சொன்னேன்ல"ங்கிறாங்க. நீயும் நாளைக்கு அப்படிச் சொல்லுவ, சொல்லாம இருப்பியா?

ஆமா, ஒன்னு கேக்க மறந்துட்டேன். நீ பார்த்த அந்தச் சின்னப் படத்துக்கு எழுதுனியே, "செகண்ட் ஆப் இழுவை"ன்னு. உன் அத்தை மகனும் அச்சு மாறாம அதையேதான் எழுதியிருக்கான். மேலத்தெருப் பயலும் அதையேதான் எழுதியிருக்கான். உங்க ஆத்தாகிட்டக் கேட்டா, இடைவேளைக்கே நீ வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சுட்டதாச் சொல்றா. அப்ப உன் பேர்ல அந்தக் கருத்தைச் சொன்னது யாரப்பு? மீசை எடுத்த தம்பி எவனும் எங்களுக்குத் தெரியாம இருக்கானா?