தோலுயர விதி: கவர்னர் விசிட் குறித்த ஒரு முன்னாய்வு

1. ஆய்வுப் பொருள்

ரோட்டரி 1905இலும் லயன்ஸ் 1917இலும் சிகாகோ நகரில் பிறந்தன. இரண்டிலும் மாவட்டத்துக்கு ஒரு கவர்னர் உண்டு, பதவிக்காலம் ஓராண்டு. ஜூலையில் பொறுப்பேற்றவர் தம் எல்லைக்குள் இருக்கும் சங்கங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த எல்லை கலெக்டரின் எல்லையன்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டைக்கும் போனபோது, இந்தக் கவர்னர்களை யாரும் கலந்து பேசவில்லை.

ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், பக்கத்து மாநிலத்துத் தலைவரும் விருந்தினராக வரலாம். எவர் வந்தாலும் சடங்கு ஒன்றே: சந்தன மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. பின்பு சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய்ப் பச்சடி, ஆற்காடு மக்கன் பேடா.

இங்கே எழும் ஆய்வு வினா: தோல் தொழிலே இந்த ஊர்களுக்குச் சோறு போடும்போது, மேடையில் தோல் எங்கே?

2. முன்னோர் கொள்கைகளும் மறுப்பும்

இதற்கு விடை சொல்வோர் மூன்று அணியினர். தோல் விலை அதிகம் என்பார் விலைவாதிகள். அலமாரியில் அடுக்கிய மெமண்டோக்களின் மொத்த விலையை இவர்கள் கூட்டிப் பார்த்ததில்லை. விருந்தினரின் கால் அளவு தெரியாது என்பார் அளவுவாதிகள். ஐரோப்பாவில் முகம் தெரியாதவர் கால்களுக்கெல்லாம் அளவாக ஷூ தைத்து அனுப்பும் ஊரில் இவ்வாதம் எடுபடாது. செருப்பைக் கையில் எடுத்தாலே அவமரியாதை என்பார் மரபுவாதிகள். அப்படியானால் பெல்ட்டும் கைப்பையும் என்ன பாவம் செய்தன? ஆகவே மூன்றும் தள்ளுபடி.

3. முதற்சான்று: இடுப்பு

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்தவர் தந்தை. மகன் 1770களில் திருச்சியில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். செய்தி லண்டனுக்கு எட்டியது. அங்கிருந்த தலைமைச் சங்கம் வாழ்த்துக் கடிதமும், அலங்கரித்த ஏப்ரன் ஒன்றும், அழகாகக் கட்டிய விதிநூலும் அனுப்பியது. ஒப்படைக்கும் பொறுப்பு வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் சர் ஜான் டேவுக்கு. வேற்று மாகாணத்து நிர்வாகி உறுப்பினருக்குச் சிறப்புச் செய்யும் மரபுக்கு இதைவிடப் பழைய உதாரணம் நம் வட்டாரத்துக்குக் கிடைப்பது அரிது.

அந்தச் சங்கத்தின் ஏப்ரன் இடுப்பில் கட்டுவது. மரபுப்படி வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். இளவரசர் கோபித்தாரா? இல்லை. 1780இன் தொடக்கத்தில் அவருடைய பாரசீக மொழிப் பதில் லண்டன் சேர்ந்தது, பொற்சரிகைத் துணியாலான உறையில். இடுப்புக்குத் தோல் வந்தால் பதிலுக்குப் பொன்னாடை போகும். பாலாற்றங்கரை நாகரிகத்தின் வேர் இதுவே என ஆய்வாளர் கருதுகிறார். லண்டன்காரர்களும் சளைக்கவில்லை. மொழிபெயர்ப்பை மெல்லிய தோல்தாளில் எழுதிச் சட்டமிட்டு மண்டபத்தில் மாட்டினார்கள்.

4. இரண்டாம் சான்று: தலை

கால் நூற்றாண்டு கழித்து நேர்மாறான சோதனை நடந்தது. சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை வகுத்தார். அதில் தோல் குஞ்சம். நெற்றிக் குறியும் தாடியும் கூடாதென்ற கட்டளையும் சேர்ந்துகொண்டது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் கலகம் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். கிரடாக் திரும்ப அழைக்கப்பட்டார். சென்னையின் அசல் கவர்னர் வில்லியம் பெண்டிங்க்கும் பதவியிழந்தார். இன்றைய கவர்னர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

5. விதி

சான்றுகளிலிருந்து பெறப்படுவது: தோலின் மதிப்பு, அது உடலில் ஏறும் உயரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். காலில் இருந்தால் ஏற்றுமதி. இடுப்பில் இருந்தால் நன்றிக் கடிதம். தலைக்கு ஏறினால் கலகம். துணிக்கு இது அப்படியே தலைகீழ். வேட்டிக்கு இல்லாத மரியாதை துண்டுக்கும், துண்டுக்கு இல்லாத மரியாதை தலைப்பாகைக்கும் கிடைக்கிறது. தோலுக்கும் துணிக்கும் இடுப்பே எல்லைக்கோடு.

6. ஆட்சேபங்கள்

(அ) பரதன் பாதுகையை அரியணையில் ஏற்றினானே? மரபு அதை மரமென்றே சொல்கிறது. விதி பிழைத்தது.

(ஆ) மிருதங்கம்? வித்வான் அதை மடியில்தான் வைத்திருக்கிறார்.

(இ) கவர்னரின் கைக்கடிகார வார்? அவர் கும்பிடும்போது நெஞ்சு மட்டத்துக்கு உயர்வது உண்மையே. கும்பிடு நீடிப்பதில்லை.

(ஈ) சில சங்கங்கள் தோல் பர்ஸ் தருகின்றனவே? தருகின்றன. வண்ணத்தாள் சுற்றித் தருகின்றன, மேடையில் எவரும் பிரிப்பதில்லை, போவதும் பின்பாக்கெட்டுக்கே. ஆட்சேபம் விதிக்குச் சாட்சியாகிவிட்டது.

7. விதியின் நீட்சி

ஆய்வு இத்துடன் நின்றிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அளவுநாடாவைப் பொருளிலிருந்து ஆளுக்கு மாற்றியதும் விதி இன்னும் துல்லியமாக வேலை செய்கிறது. பச்சைத்தோலைச் சுமந்து உப்பு உதறுபவர் மண்டபத்துக்கே வருவதில்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்கள், கவர்னர் வரும் மாலையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். தோலை விற்பவருக்கு முன்வரிசை. வாங்குபவர் ஊருக்கு வந்தால் மேடை. தோலிலிருந்து கை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, நாற்காலி அவ்வளவு உயரம்.

8. பரிந்துரைகள்

முதலாவது, வருகை உறுதியானதும் கவர்னரின் கால் அளவைக் கேட்டு வாங்குக. இரண்டாவது, பொன்னாடைச் செலவில் ஒரு ஜோடி ஷூ தைத்து, தைத்தவர் பெயரை அழைப்பிதழில் 'முன்னிலை' என்ற இடத்தில் அச்சிடுக. மூன்றாவது, தைத்தவரே மேடையேறி அதை வழங்குக. ஏற்புரைக்கு முன் கவர்னர் அதைப் போட்டு நடந்து காட்டுக.

கடித்தால் அங்கேயே சொல்லலாம். தைத்தவர் பக்கத்தில்தான் இருப்பார்.