கடுகுக்கும் பங்காளிகள் உண்டு

தோட்டத்தில் களை மண்டிக் கிடந்தால் வீட்டுக்காரரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கடுகுக் குடும்பத்துக் களைகள் இரண்டு இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. அவற்றைப் பரப்பியதில் சோம்பேறியைவிடச் சுறுசுறுப்பானவருக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி. பிடுங்க வேண்டிய மாதத்தில் அந்தச் செடி அவர் கண்ணில் படுவதில்லை. பிடுங்கக் கூடாத மாதத்தில் கண்ணை உறுத்துகிறது. உடனே கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

முதல் ஆள் ஹேரி பிட்டர்கிரெஸ். ஐரோப்பாவிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறியது. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக வட்டமாய்ப் படுத்துக் கிடக்கும். காம்பின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாகக் குட்டி இலைகள் இருக்கும். நுனியிலிருப்பது மட்டும் கொஞ்சம் பெரிது. ஈர மண்ணில் இரண்டு விரலால் கிள்ளினால் வேரோடு வந்துவிடும், அவ்வளவு சாது. ஆனால் குளிரில் யார் வெளியே வருகிறார்கள்? வசந்தத்தின் தொடக்கத்தில் நான்கு இதழ் வெள்ளைப் பூக்கள் வந்து, அவற்றுக்கு மேலே ஊசிக் காய்கள் தலைதூக்கிய பிறகுதான் வீட்டுக்காரர் குனிகிறார். காய் பச்சையாகத்தானே இருக்கிறது, முற்றவில்லை என்று தைரியமாகக் கை வைக்கிறார். நம் வீட்டுக் கடுகு வெடிக்க எண்ணெயும் அடுப்பும் வேண்டும். இந்தப் பங்காளிக்கு விரல் பட்டாலே போதும். இது எப்படி நடக்கிறது என்பதை ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஏஞ்செலா ஹே குழுவினர் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். மற்ற பல செடிகளின் காய்கள் காய்ந்து வெடிக்கும். இது பச்சையிலேயே வெடிக்கிறது. காயின் சுவர் சட்டென்று சுருண்டுகொள்ள, அரை மில்லி விநாடிக்குள் விதை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். நகரப் பேருந்துக்கே பல நாள் கிடைக்காத வேகம். குனிந்தவரின் கண்ணிலும் பக்கத்துப் பாத்தியிலும் விதை ஒரே சமயத்தில் தெறிக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கப் போனவர், அடுத்த பருவத்துக்கு ஒரு பாத்தியையே விதைத்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு காப்பி குடிக்கப் போகிறார்.

இரண்டாவது ஆள் கார்லிக் மஸ்டர்டு. இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை அடிக்கும், ஆகவே அடையாளம் காண மூக்கே போதும். முதல் வருஷம் தரையில் வட்ட இலைகளோடு இருக்கும். இரண்டாம் வருஷம் முழங்காலைத் தாண்டி வளர்ந்து, பூத்து, காய்த்து, செத்துப்போகும். அது செத்தாலும் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும். மண்ணைக் கிளறக் கிளற முளைக்கும். அதைக் காடுகளில் திரண்டு போய்ப் பிடுங்குவதை ஒரு வசந்த விழாவாகவே நடத்துகிறவர்கள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெர்ண்ட் புளோசி குழுவினரோ பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காடுகளைக் கவனித்து, 2021-இல் வேறொரு கதை சொன்னார்கள்: சும்மா விட்ட இடங்களில் வருஷங்கள் போகப் போக அந்தச் செடியே குறுகிக் குறைந்துபோகிறதாம். விழாக்காரர்களுக்கு இது சங்கடமான செய்திதான். “அப்படியென்றால் தோட்டத்திலும் சும்மா விட்டுவிடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. காட்டு மண் யாரும் கொத்தாமல் கிடக்கிறது. தோட்ட மண்ணை நாம் வருஷா வருஷம் புரட்டுகிறோம். தவிர, வெஸ்ட் வர்ஜீனியா ஒயிட் என்ற வண்ணத்துப்பூச்சி தன் இனத்துக்கு உகந்த செடி என்று ஏமாந்து இதில் முட்டையிடுகிறது. பொரிந்த புழுக்கள் பிழைப்பதில்லை. காட்டோரத் தோட்டக்காரர் இரண்டாம் வருஷச் செடியைப் பூக்கும் முன்பே பிடுங்கத்தான் வேண்டும். மண்ணைக் கிளறாமல், வேரோடு.

களைக்கொல்லி இருக்கும்போது இந்த அவஸ்தை எதற்கு என்பார்கள். இரண்டு விரலுக்கு அடங்கும் செடிக்கு மருந்தடித்தால் பக்கத்துப் பூச்செடியும் சேர்ந்து சாகும். மண்ணுக்குள் உறங்கும் விதைக்கோ மருந்து அடித்த விஷயமே தெரியாது. இன்னொரு கூட்டம், பிடுங்கித் தின்று தீர்த்துவிடலாம் என்கிறது. தின்னலாம்தான், இரண்டும் கீரைதான். பால்டிக் பகுதியில் 6,000 வருஷத்துக்கு முந்தைய சட்டிகளில் கார்லிக் மஸ்டர்டு விதையின் தடயம் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தச் செடி கடல் கடந்ததே நாக்கால்தான் என்று கருதுகிறார்கள்: சமையலுக்கும் கைவைத்தியத்துக்கும் என்று யாரோ கொண்டுபோனது, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1868-இல் பதிவாயிற்று. பசியோடு வந்ததைப் பசியால் ஒழிக்கிற திட்டத்தில் ஒரு சிக்கல்: கீரையை ரசித்தவர் கடைசிச் செடியை விட்டுவைப்பார்.

பிட்டர்கிரெஸ் பெரும்பாலும் நர்சரித் தொட்டியில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது. ரோஜாவுக்குக் காசு கொடுத்தால் இது இலவசம். தொட்டியின் மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு நட்டால் பாதி வேலை மிச்சம். தாமதமாகக் கண்ணில் பட்ட காய்ச்செடியை முதலில் ஒரு பையால் மூடி, பிறகு பிடுங்க வேண்டும். பையோடு குப்பைக்குப் போகட்டும், உரக்குழிக்கு வேண்டாம். வீட்டு உரக்குழி விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவது அபூர்வம். வசந்தத்தில் அந்த உரத்தை எல்லாப் பாத்திக்கும் ஒரு பிடி குறையாமல் சமமாகப் பங்கிட்டுப் போடுகிறவரும் அதே சுறுசுறுப்பானவர்தான்.